தோள்பட்டை இறுக்கம்: காவிரி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது வயதைத் தாண்டியவர், எங்கும் விழவில்லை, அடிபடவில்லை, ஆனாலும் ஒரு தோள் மட்டும் வலிக்க ஆரம்பித்து மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே வருகிறது. மருத்துவர் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படிப்பட்டவருக்காகவும் அவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்காகவும் இந்தப் பதில்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் 'இப்போது எந்தக் கட்டம்' என்ற கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பயிற்சி, ஊசி, வயல் வேலை என எதைப் பற்றிய பதிலும் அதைப் பொறுத்தே மாறும்.

தோளுக்குள் என்னதான் நடக்கிறது?

தோள் ஒரு பந்துக்கிண்ண மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டையான தலை ஆழமில்லாத ஒரு கிண்ணத்தில் பொருந்தியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து மூடியபடி ஒரு மெல்லிய உறை உண்டு. நல்ல தோளில் அந்த உறையின் அடிப்பக்கம் அக்குளை ஒட்டி மடிப்பாகத் தொய்ந்து கிடக்கும். கையைத் தூக்கும்போது மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். அக்குளில் துணி விடாமல் பிடித்துத் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்க முடியாது அல்லவா, இறுகிய தோளிலும் நடப்பது அதுதான். முதலில் உறையில் அழற்சி, அதாவது உள்வீக்கம், வருகிறது. பிறகு அங்கே தழும்பு போன்ற திசு வளர்ந்து, உறை தடித்துச் சுருங்குகிறது. நல்ல மூட்டுக்குள் 15 முதல் 30 மி.லி. வரை திரவம் செலுத்தலாம். இறுகிய மூட்டில் 10 மி.லி. செலுத்துவதே கடினம்.

உறையின் முன்பக்க மேல்மூலையில் ஒரு தசைநார்ப் பட்டை இருக்கிறது. அது அதிகமாகத் தடிப்பதால், கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவுதான் முதலில் குறைகிறது. தலை சீவ முடியவில்லை, முதுகுப் பக்கம் கொக்கி மாட்ட முடியவில்லை, வேட்டியை இடுப்பில் சுற்றிச் செருக முடியவில்லை என்பவையெல்லாம் அதைத் தொடர்ந்து வருகின்றன.

இதைச் சாதாரணத் தோள் வலியிலிருந்து வீட்டிலேயே பிரித்துப் பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். முழங்கை விலகாமல் இரண்டு முன்கைகளையும் வெளிப்பக்கமாகத் திறங்கள். நல்ல கை எவ்வளவு திறக்கிறதோ அதில் பாதிகூட வலிக்கும் கை திறக்கவில்லையென்றால் சந்தேகப்படலாம். அடுத்து, வீட்டில் ஒருவர் அந்தக் கையை மெதுவாகப் பிடித்துத் திறந்து பார்க்கட்டும். நீங்கள் செய்தாலும் அடுத்தவர் செய்தாலும் அதே இடத்தில் தடுத்து நின்றால் பெரும்பாலும் உறை இறுகியிருக்கிறது என்று பொருள். உங்களால் முடியாமல், அடுத்தவர் பிடித்தால் தாராளமாகப் போகிறது என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம், அல்லது வலியால் தசை வேலை செய்யாமல் இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

எக்ஸ்ரே எடுப்பது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். உறை இறுகியிருப்பது எக்ஸ்ரேயில் தெரியாது. படம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். மூட்டுத் தேய்மானம், தசைநாரில் சுண்ணாம்புப் படிவு, எலும்பு முறிவு, மூட்டு நழுவல் ஆகியவை இல்லை என்று உறுதி செய்யத்தான் அந்தப் படம். குறிப்பாக வலிப்பு வந்த பிறகு கை திரும்பவில்லை என்றால் எக்ஸ்ரே கட்டாயம். வலிப்பின்போது தோள் பின்பக்கமாக நழுவி, அப்படியே சிக்கிக்கொள்வது உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் இறுகிய தோள் போலத்தான் இருக்கும். எம்.ஆர்.ஐ. பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

எனக்கு இப்போது எந்தக் கட்டம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று கட்டங்கள். முதலாவது வலிக் கட்டம். உட்கார்ந்திருக்கும்போதும் வலிக்கும், இரவில் இன்னும் கூடும், தெரியாமல் கை எதிலாவது இடித்தால் உயிர் போகும். வாரத்துக்கு வாரம் அசைவு குறைந்துகொண்டே வரும். இது 2 முதல் 9 மாதம். இரண்டாவது இறுக்கக் கட்டம். சும்மா இருக்கும்போது வலி அடங்கிவிடும், இரவில் தூங்க முடியும். ஆனால் கை ஓர் எல்லைக்கு மேல் போகாது, அந்த எல்லையில் மட்டும் சுருக்கென்று வலிக்கும். இது 4 முதல் 12 மாதம். மூன்றாவது தளரும் கட்டம். அசைவு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். இதற்கு 6 மாதமும் ஆகலாம், 2 வருடமும் ஆகலாம்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவைக்கு நாற்று விடும் நேரத்தில் வலி ஆரம்பித்தது என்று வையுங்கள். சம்பா நடவு முடியும்வரை வலிக் கட்டம் நீளலாம். தை அறுவடையில் வலி குறைந்து கை மட்டும் தூக்க முடியாமல் இருக்கும். அடுத்த சம்பாவின்போதுதான் பலருக்குக் கை தளரத் தொடங்கும். இந்தக் கணக்கை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், ஒரு மாதத்தில் சரியாகவில்லையே என்று நான்கு மருத்துவர்களிடம் மாறி மாறி அலைய வேண்டியிருக்காது. முழுதாக ஒன்று முதல் மூன்று வருடம் எடுக்கும் நோய் இது. பெரும்பாலோருக்கு அன்றாட வேலைக்குப் போதுமான அசைவு திரும்பிவிடுகிறது. சிலருக்குக் கடைசிக் கொஞ்சம் இறுக்கம் நின்றுவிடுவதும் உண்டு.

கட்டத்தைக் கணிக்க எளிய வழி இரவு வலிதான். வலிக்கிற பக்கம் திரும்பாமல் படுத்தும் தோள் வலி தூக்கத்தைக் கலைக்கிறதா? அப்படியானால் நீங்கள் இன்னும் முதல் கட்டத்தில் இருக்கிறீர்கள்.

சர்க்கரைக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கிறது. பொதுவாக 100 பேரில் 2 முதல் 5 பேருக்கு வரும் இந்த நோய், சர்க்கரை உள்ளவர்களில் 10 முதல் 20 பேருக்கு வருகிறது. இரத்தத்தில் சர்க்கரை பல வருடம் கூடுதலாக இருந்தால் அது உறையின் நார்ப்புரதத்தில் ஒட்டி, நார்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்துவிடுகிறது. உறை நெகிழ்வை இழக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு இறுக்கம் நீண்ட நாள் நிற்கும். இரண்டு தோளிலும் வருவதும் அதிகம்.

ஆகவே சர்க்கரை இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்குத் தோள் இறுகினாலும் ஒருமுறை பரிசோதித்துவிட வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரையோடு, மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையும் பாருங்கள். அது 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்ற கணக்கில் வருகிறது. தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கும் இந்த நோய் கூடுதலாக வருவதால், 40-லிருந்து 60 வயதுக்குள் உள்ள பெண்கள் தைராய்டுக்கான டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இந்த வயதுப் பெண்களிடம்தான் இறுக்கம் அதிகம்.

ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். மார்புக்கு முன் வணக்கம் சொல்வதுபோல் இரண்டு கைகளையும் சேருங்கள். விரல்களும் உள்ளங்கைகளும் இடைவெளியில்லாமல் ஒட்டவில்லையென்றால் விரல் மூட்டுகளிலும் இதே இறுக்கம் தொடங்கியிருக்கலாம். மருத்துவரிடம் தோளைக் காட்டும்போது கையையும் காட்டுங்கள்.

ராத்திரித் தூக்கமே இல்லை. எப்படிப் படுப்பது?

வலிக் கட்டத்தில் முதலில் தீர்க்க வேண்டியதே இதுதான். தூக்கம் கெட்டால் வலியைத் தாங்கும் சக்தி குறைகிறது, சர்க்கரையும் ஏறுகிறது.

மல்லாந்து படுப்பதாக இருந்தால், வலிக்கும் கையின் முழங்கைக்கும் மேற்கைக்கும் அடியில் மடித்த போர்வை ஒன்றை வையுங்கள். முழங்கை, தோளைவிடக் கீழே இறங்கிப் போகக் கூடாது. இறங்கினால் உறையின் முன்பக்கம் இழுபடும். பாயில் படுப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகிறது. தலைக்குத் தலையணை இருக்கும், கைக்கு இருக்காது. ஒருக்களித்துப் படுப்பதாக இருந்தால் நல்ல பக்கம் படுத்து, மார்போடு ஒரு தலையணையை அணைத்து அதன்மேல் வலிக்கும் கையைப் போடுங்கள். கை மார்பைத் தாண்டிப் பாயில் தொங்கக் கூடாது. அதுவும் முடியாதவர்கள் சாய்வு நாற்காலியிலோ, கட்டிலில் முதுகுக்குத் தலையணை அடுக்கியோ பாதி உட்கார்ந்தபடி தூங்கலாம். வலி மாத்திரை கொடுத்திருந்தால் அதில் ஒன்றைப் படுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு எடுத்துக்கொள்வது பலன் தரும்.

என்ன மாத்திரை எடுக்கலாம்?

பாரசிட்டமால் 650 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளில் நான்கு வரை, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில். குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதுவும் வேண்டாம். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவை வலியை இன்னும் நன்றாக அடக்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அவை ஆபத்து. சர்க்கரை உள்ள பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கத் தொடங்கியிருப்பது தெரியவே தெரியாது. இரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிட்டு மருத்துவர் எழுதித் தந்தால் சில வாரங்களுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மெடிக்கலில் வலி என்று சொன்னதும் நான்கைந்து மாத்திரைகளைச் சேர்த்து மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டு நாளில் வலி மாயமாகப் போகும், கூடவே சர்க்கரை ஏறும். எது எந்த மாத்திரை என்று தெரியாததால், பிறகு மருத்துவராலும் உதவ முடியாது.

மூட்டுக்குள் ஊசி போட்டால் கை வீணாகிவிடும் என்கிறார்களே?

அந்தப் பயத்தால் நல்ல பலன் கிடைக்கும் மாதங்களைப் பலர் இழந்துவிடுகிறார்கள். டிரையாம்சினோலோன் அல்லது மீதைல்பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, பெரும்பாலும் 40 மி.கி., மரத்துப்போகும் மருந்தோடு சேர்த்து மூட்டுக்குள் போடப்படுகிறது. இது அழற்சியை அடக்கும். ஆகவே வலிக் கட்டத்தில்தான் இதற்கு முழுப் பலன். அழற்சி அடங்கி, தழும்பு மட்டும் மிஞ்சிய பிறகு போட்டால் பெரிதாக மாற்றம் தெரியாது. முதல் சில வாரங்களுக்கு வலி நன்றாகக் குறையும், அந்த இடைவெளியில் பயிற்சி செய்து அசைவைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஊசி போட்டுக்கொண்டு சும்மா இருந்தால் பாதிப் பலன் வீண். ஒரே தோளில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போவதும் சரியில்லை.

போட்ட அன்றும் மறுநாளும் வலி கொஞ்சம் கூடலாம், அது தானே அடங்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை சர்க்கரை ஏறும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது போடக் கூடாது. போட்ட பிறகு ஒரு வாரம் தினமும் காலையும் மாலையும் அளந்து எழுதி வையுங்கள். இன்சுலின் போடுபவர்கள் அந்த வாரத்துக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகும் வலி ஏறிக்கொண்டே போய், காய்ச்சலோ தோளில் சூடும் சிவப்புமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டில் கிருமி புகுவது மிக அரிது, ஆனால் தாமதிக்கக் கூடாத ஒன்று.

சில இடங்களில் ஸ்டீராய்டோடு உப்புநீரையும் சேர்த்துச் செலுத்தி உறையை உள்ளிருந்தே விரிக்கிறார்கள். ஸ்கேன் பார்த்தபடி செய்யும் முறை அது. சிலருக்கு நல்ல பலன் தருகிறது.

பயிற்சியை எப்படி, எவ்வளவு செய்வது?

தொடங்குமுன் 10 முதல் 15 நிமிடம் வெந்நீர்ப் பை. பையைத் துண்டில் சுற்றித்தான் வைக்க வேண்டும். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டைத் தோளில் வைத்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வீட்டில் வேறு ஒருவர் தொட்டுப் பார்த்துக் கொடுக்கட்டும். மார்கழிக் குளிரில் இந்தச் சூடு இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

வலிக் கட்டத்துக்கு ஊசலாட்டம். 1934-லேயே இந்த நோயை விவரித்த அமெரிக்க மருத்துவர் காட்மனின் பெயரால் வழங்கும் பயிற்சி இது. மேசையையோ திண்ணை விளிம்பையோ நல்ல கையால் பிடித்து, இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள். வலிக்கும் கை சுத்தமாகத் தளர்ந்து தொங்க வேண்டும். உடம்பை லேசாக முன்னும் பின்னும் ஆட்டினால் கை தானாக ஊசலாடும். ஓரடி விட்டத்துக்கு வட்டமாக வலப்பக்கம் 10, இடப்பக்கம் 10, பிறகு முன்பின் 10. நாளைக்கு இரண்டு மூன்று முறை. பலர் தோள் தசையை இறுக்கிக் கையைத் தாங்களே சுற்றுகிறார்கள். அப்படிச் சுற்றினால் தசைக்குத்தான் வேலை, மூட்டு விரிவதில்லை. குனிந்தால் தலைசுற்றும் என்பவர்கள் இதைத் தவிர்த்து அடுத்ததைச் செய்யலாம்.

பாயில் மல்லாந்து படுத்து, நல்ல கையால் வலிக்கும் கையின் மணிக்கட்டைப் பிடித்து, தலைப்பக்கமாக மெதுவாகத் தூக்குங்கள். இழுவை தெரியும் இடத்தில் 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். 10 முறை. படுத்துச் செய்வதில் ஒரு நன்மை: தோள்பட்டை எலும்பு தரையில் அழுந்தியிருப்பதால் அதைத் தூக்கி ஏமாற்ற முடியாது. நின்றுகொண்டு கையைத் தூக்கும்போது பலர் தோளைக் காதுவரை உயர்த்திவிட்டு, கை மேலே போய்விட்டது என்று நினைக்கிறார்கள். மூட்டு அங்கேயேதான் நிற்கும், கழுத்து வலிதான் மிச்சம்.

எங்கள் கணிப்பில் எல்லாவற்றிலும் முக்கியமானது குச்சிப் பயிற்சி. வெளிப்பக்கம் திருப்பும் அசைவு திரும்பாமல் மற்ற எதுவும் முழுதாகத் திரும்புவதில்லை. மூன்றடி நீளத்தில் ஒரு குச்சி போதும், ஒட்டடைக் கம்பாக இருந்தாலும் சரி. மல்லாந்து படுத்து முழங்கைகளை விலாவோடு ஒட்டி மடக்குங்கள். வலிக்கும் பக்கம் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே மடித்த துண்டை இடுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளிலும் குச்சியைப் பிடித்து, நல்ல கையால் குச்சியைத் தள்ளினால் வலிக்கும் முன்கை வெளிப்பக்கம் திறக்கும். 10 விநாடி நிறுத்துங்கள். 10 முறை, நாளைக்கு இரண்டு வேளை. துண்டு நழுவி விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று அர்த்தம், கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரவு வலி அடங்கிய பிறகு, அதாவது இறுக்கக் கட்டத்தில், மூன்றைச் சேர்க்கலாம். சுவரைப் பார்த்து ஒரு கை தூரத்தில் நின்று, விரல்களால் சுவரில் மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் 15 விநாடி. அடுத்து, வலிக்கும் கையின் முழங்கையை நல்ல கையால் பிடித்து மார்புக்குக் குறுக்கே எதிர்த் தோளை நோக்கி இழுத்து 15 முதல் 20 விநாடி. மூன்றாவது துண்டுப் பயிற்சி: ஈரிழைத் துண்டை முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, மேல்முனையை நல்ல கையாலும் கீழ்முனையை வலிக்கும் கையாலும் பிடித்து, மேல்கை மெதுவாக மேலே இழுக்க வேண்டும். இதை வலிக் கட்டத்தில் செய்தால் அன்றிரவு தூக்கம் போச்சு. அவசரப்பட்டு முதலிலேயே இதைத்தான் பலர் செய்கிறார்கள், முதுகுப் பக்கம் கை போகாததுதான் பெரிய குறையாகத் தெரிவதால்.

தளரும் கட்டத்தில் பலம் சேர்க்க வேண்டும். மாதக்கணக்கில் உழைக்காத தசை இளைத்திருக்கும். ஜன்னல் கம்பியில் பழைய சைக்கிள் டியூபைக் கட்டி, முழங்கை விலாவோடு ஒட்டியபடி வெளிப்பக்கமும் உள்பக்கமும் இழுக்கலாம். ஒவ்வொன்றும் 10 முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

பயிற்சி செய்தால் வலி கூடுகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்கள். செய்யும்போது இழுவையும் கொஞ்சம் வலியும் இருக்கும். அது அரை மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை, அல்லது அன்றிரவு வழக்கத்தைவிட அதிகமாக வலித்தது என்றால், மறுநாள் எண்ணிக்கையைப் பாதியாக்கி, இழுவைத் தூரத்தையும் குறையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் சீக்கிரம் சரியாகும் என்ற எண்ணம் இந்த நோயில் எடுபடாது. 2004-ல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்று 77 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்தது. வலிக்குள் அடங்கிய மென்மையான அசைவு மட்டும் செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்குத் தோள் ஏறக்குறைய இயல்பானது. வலியைத் தாண்டி வலுவாக இழுக்கப்பட்டவர்களில் அப்படி ஆனவர்கள் 63 விழுக்காடு.

முன்னேற்றத்தைத் தினமும் பார்க்காதீர்கள், மனம் சோர்ந்துவிடும். வாரம் ஒருமுறை, அதே கிழமையில், சுவரில் விரல் எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள்.

எண்ணெய் தேய்த்து, கையை இழுத்து விட்டால் எடுபடுமா?

எண்ணெயைச் சூடாக்கி மெதுவாகத் தேய்ப்பதில் தவறில்லை. கழுத்தையும் தோளையும் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கும் தசைகள் தளரும், சுகமாக இருக்கும். ஆனால் உறை தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது, தேய்ப்பு அதை விரிப்பதில்லை.

இழுத்து விடுவது, தோளில் முழங்காலை வைத்து நெம்புவது, 'டக்' என்று சத்தம் வரும்வரை திருப்புவது கூடவே கூடாது. இதே வேலையை மயக்கம் கொடுத்து, தசைகள் முழுதாகத் தளர்ந்த நிலையில் எலும்பு மருத்துவர் செய்யும்போதே மேற்கை எலும்பு முறிவது அரிதாக நேர்கிறது. விழித்திருப்பவரின் தசைகள் வலியில் எதிர்த்து இறுகும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிந்திருக்கும் பெண்களுக்கு அந்த இழுப்பில் எலும்பு முறியலாம், தசைநார் கிழியலாம், நரம்பு இழுபடலாம். கையைக் கட்டுப்போட்டு அசையாமல் வைப்பதும் தவறு. அது இறுக்கத்துக்கு இறுக்கம் சேர்க்கும்.

'கரண்ட் வைப்பது' பலன் தருமா?

தோளில் கருவியால் லேசான மின்னோட்டம் செலுத்துவது வலியைச் சிறிது நேரம் குறைக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு கை அசைவு திரும்பியதில்லை. இயன்முறை மருத்துவரிடம் போனால் கருவியின் கீழ் கழியும் நேரத்தைவிட அவர் கையைப் பிடித்து அசைத்துக் கற்றுத்தரும் நேரம் அதிகமாக இருக்க வேண்டும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

வயல் வேலைக்குப் போகலாமா? வீட்டு வேலை?

தோள் உயரத்துக்குக் கீழே, உடம்புக்கு அருகில் கை இருக்கும் வேலைகளைச் செய்யலாம், செய்வது நல்லதும்கூட. நடவில் கை பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் வேலை செய்கிறது, வலி அடங்கியவர்கள் அரை நாள் நட்டுப் பார்க்கலாம். நாற்றுக்கட்டைத் தலையில் தூக்கி ஏற்றுவது வேண்டாம், வரப்பில் வைத்தே ஒருவர் எடுத்துக் கொடுக்கட்டும். உளுந்துச் செடி பிடுங்குவது வெடுக்வெடுக்கென்ற இழுப்பு. வலிக் கட்டத்தில் அந்தச் சில வாரங்கள் விட்டுவிடுங்கள். 16 லிட்டர் கைத்தெளிப்பானை முழுதாக நிரப்பினால் தோள் வாரில் 16 கிலோவுக்கு மேல் தொங்கும், ஒரு கை விடாமல் நெம்புகோலை அடிக்க வேண்டும். இறுகிய தோளுக்கு இரண்டும் ஆகாது.

வீட்டில் துணி உலர்த்தும் கொடியை மார்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். தினமும் எடுக்கும் பாத்திரத்தைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். சட்டையோ ரவிக்கையோ போடும்போது வலிக்கும் கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள். இந்த ஒரு வருடத்துக்கு ரவிக்கையில் முன்பக்கக் கொக்கி வைத்துத் தைத்துக்கொள்வது பெரிய நிம்மதி. டவுன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்காதீர்கள். திடீர் பிரேக்கில் கை இழுபட்டால் அன்றைய நாள் முழுக்க வலிதான். இருக்கைக் கம்பியை இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். இருசக்கர வண்டியை, அவசரத்தில் ஹேண்டிலை முழுதாகத் திருப்பவும் பிரேக் பிடிக்கவும் முடிகிறது என்று உறுதியானால் மட்டும் எடுங்கள்.

அறுவை சிகிச்சை எப்போது?

ஊசி, பயிற்சி இரண்டையும் ஒழுங்காகச் செய்தும் பல மாதங்களாக மாற்றமே இல்லை, வாழ்க்கையும் முடங்கிக் கிடக்கிறது என்றால் பேசலாம். ஒன்று, மயக்கம் கொடுத்துக் கையை அசைத்து உறையை விடுவிப்பது. மற்றொன்று, சிறு துளைகள் வழியே கேமரா செலுத்தி, இறுகிய உறையை வெட்டித் தளர்த்துவது. 2020-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வு இந்த இரண்டையும், ஸ்டீராய்டு ஊசியோடு சேர்ந்த முறையான இயன்முறை சிகிச்சையையும் 503 பேரிடம் ஒப்பிட்டது. ஒரு வருட முடிவில் எந்த ஒன்றும் மற்றவற்றைத் தெளிவாக மிஞ்சவில்லை. ஆகவே அறுவைதான் நிரந்தரத் தீர்வு என்று யாராவது அவசரப்படுத்தினால், பொறுத்திருக்கலாம். செய்துகொண்டால், அன்றோ மறுநாளோ பயிற்சி தொடங்கியே ஆக வேண்டும். தொடங்கவில்லையென்றால் உறை மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

எந்த அறிகுறி இருந்தால் காத்திருக்கக் கூடாது?

இடது தோளும் கையும் வலித்து, கூடவே நெஞ்சு அடைப்பு, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் 108. சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பில் நெஞ்சு வலி இல்லாமலும் போகலாம் என்பதால், தோளை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் புதிய வலியைச் சந்தேகியுங்கள். காய்ச்சலோடு தோள் சூடாகிச் சிவந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுந்த பிறகு கை தூக்க முடியாவிட்டால், வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை மரத்துப்போனால், பீடி சிகரெட் பழக்கமுள்ளவருக்குத் தோள் வலியோடு உடல் மெலிந்து கைத்தசை இளைத்தால், அதே வாரத்தில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அரசு மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டா?

உண்டு. தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலும்பு மூட்டுப் பிரிவும் இயன்முறை சிகிச்சையும் இருக்கின்றன. சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்க ஊரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வெளியே போக முடியாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் உண்டு. பக்கவாதத்தால் படுத்திருப்பவருக்குத் தோளும் இறுகிக்கொண்டே போனால் சுகாதார நிலையத்தில் சொல்லி வைக்கலாம். முதல்முறை போகும்போது எடுத்துக்கொண்டிருக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், கடைசி சர்க்கரை அறிக்கை, வலி தொடங்கிய மாதம் எழுதிய சீட்டு மூன்றும் கையில் இருக்கட்டும்.

சரியான தோளில் மறுபடி வருமா?

அதே தோளில் மறுபடி வருவது மிக அரிது. மற்றத் தோளில் சில வருடங்களுக்குள் வருவதுண்டு, சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதலாக. ஆகவே நல்ல தோளுக்கும் மாதம் ஒருமுறை அந்த முன்கை திறக்கும் சோதனையைச் செய்து பாருங்கள். இரவு வலியோடு சேர்ந்து அசைவும் குறையத் தொடங்கினால், இந்த முறை முதல் மாதத்திலேயே மருத்துவரிடம் போய்விடலாம். ஊசியின் முழுப் பலன் கிடைக்கும் காலம் அது.